திருகு முதல் டேப் வரை: கார் பீடிங்கின் கதை

ராதாபுரம் தாலுகாவில் ஓடும் கார்களுக்கு மூன்று எதிரிகள் உண்டு. இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்துக் கடலிலிருந்து வரும் உப்புக்காற்று ஒன்று. தென்மேற்குப் பருவக்காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து காற்றாலைகளைச் சுற்றவைக்கும் பெருங்காற்று இரண்டாவது. அந்தக் காற்று கிளப்பிவிடும் செம்மண் தூசி மூன்றாவது. சில வருடங்கள் இவற்றோடு மல்லுக்கட்டிய காரில், கதவின் குறுக்கே ஓடும் பீடிங் ஒரு முனையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

"பீடிங்தானே, சும்மா அழகுக்குத்தானே" என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆனால் காவல்கிணறு நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரிந்த முனைக்குள் காற்று புகுந்தால், மொத்தப் பட்டையும் பிய்ந்து பறந்துவிடலாம். பின்னால் பைக்கில் வருபவருக்கு அது அழகுப் பொருள் அல்ல!

இதை வீட்டிலேயே மறுபடி பொருத்திவிடலாம். ஆனால் எப்படிப் பொருத்துவது என்பது, அது எந்தக் காலத்துக் கார் என்பதைப் பொறுத்தது. அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரியவேண்டும்.

திருகும் கிளிப்பும்

ஆரம்பக் காலக் கார்களின் பளபளப்பு நிக்கல் முலாம் தந்தது. 1920களின் பிற்பகுதியில் அந்த இடத்தைக் குரோமிய முலாம் பிடித்தது. கிரில், விளக்கு வளையம், பக்கப் பட்டை என்று எல்லாம் மின்னின. இந்தப் பட்டைகளைத் திருகோ, நட்டோ, ஸ்பிரிங் கிளிப்போ பிடித்திருந்தது.

இந்தியாவில் 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசடர், 1964-ல் வந்து பிறகு பத்மினி என்று பெயர் மாறிய பியட், 1961-ல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. ஒரு திருப்புளியும் நாலு கிளிப்பும் இருந்தால் வேலை முடிந்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. திருகு போடத் தகட்டில் ஓட்டை வேண்டும். ஓட்டையின் விளிம்பில் பெயிண்ட் விட்டுப்போனால் அங்கிருந்தே துரு தொடங்கும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அதனால் பழைய காரில் பட்டையை மாட்டும் முன் துருவைச் சுரண்டி, பெயிண்ட் தொட்டுவைத்து, புதுக் கிளிப் போடுவதே சரியான முறை.

இந்தத் திருகுகளின் கதையில் நெல்லைச் சீமைக்கும் பங்கு உண்டு. 1911-ல் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ல் பிறந்தது திருக்குறுங்குடியில். அவர் குழுமத்தின் சுந்தரம் பாஸ்ட்னர்ஸ் 1960களில் சென்னை பாடியில் உருவானது. வண்டியின் பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டும் நட்டும்தான் அதன் தொழில்!

டேப் வந்த கதை

1920களில் அமெரிக்காவில் இரட்டை வண்ணக் கார்கள் பிரபலம். ஒரு வண்ணத்தை மறைத்துவிட்டு மற்றதை அடிக்கப் பட்டறைக்காரர்கள் ஒட்டிய டேப், பிரிக்கும்போது பெயிண்ட்டையும் சேர்த்துப் பிய்த்தது. இதைப் பார்த்த 3எம் நிறுவன ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, 1925-ல் மெதுவாக ஒட்டும் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார்.

அதே நிறுவனம் 1980-ல் எதிர்த்திசையில் போனது. இரண்டு பக்கமும் பலமாக ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப்பைக் கொண்டுவந்தது. இதற்கு ஓட்டை வேண்டாம், அதனால் அந்தத் துருவும் இல்லை. வெயிலில் பிளாஸ்டிக் பீடிங் விரியும் அளவு வேறு, இரும்புத் தகடு விரியும் அளவு வேறு. நடுவில் இருக்கும் ஃபோம் இரண்டுக்கும் வளைந்துகொடுக்கும்.

வீட்டில் நடக்கும் தவறு

டேப் காலத்துக் காரில் பலர் செய்யும் தவறு, சூப்பர் க்ளூவை விட்டு அமுக்குவது. 1942-ல் ஹாரி கூவர் தற்செயலாகக் கண்டறிந்து, 1958-ல் கடைக்கு வந்த இந்தப் பசை, இறுகியதும் கண்ணாடிபோல் ஆகிவிடும், வளையாது. வெயிலிலும் அதிர்விலும் விரிசல் விடும், ஓரத்தில் வெள்ளை பூக்கும், அடுத்தமுறை கழற்றும்போது பெயிண்ட்டும் உரியும். அப்புறம் பீடிங் செலவோடு பெயிண்டிங் செலவும் சேரும்!

சரியான முறை எளிது. பழைய டேப்பை ஹேர் டிரையரால் இளக்கி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு அறுத்தெடுக்க வேண்டும். ஒட்டும் இரண்டு பரப்பையும் கழுவி, காயவைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். செம்மண் தூசி ஒரு துளி இருந்தாலும் டேப் தூசியில்தான் ஒட்டும், காரில் ஒட்டாது. உச்சி வெயிலில் தகடு கொதிக்கும், ஆகவே நிழலில் ஒட்டுவது நல்லது. முழு நீளத்துக்கும் பலமாக அழுத்த வேண்டும். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை தண்ணீர் அடிக்கக்கூடாது.

கோடு நேராக வர ஒரு வழி உண்டு. ஒட்டும் முன் கதவில் மாஸ்கிங் டேப்பை எல்லைக்கோடாக ஒட்டிக்கொள்ளலாம். கார் பெயிண்ட்டைக் காப்பாற்ற 1925-ல் பிறந்த அதே டேப், இன்று ராதாபுரத்து வீட்டு வாசலிலும் அதே வேலையைத்தான் செய்கிறது.