காரணம் காணாத நோய்கள்

நோயைத் தீர்க்க விரும்புவோர் முதலில் அதன் மூலத்தை நாட வேண்டும் என்னும் கருத்து வள்ளுவர் காலந்தொட்டுத் தமிழர் அறிந்த ஒன்றாகும். இக்கால மருத்துவமனைகளில் அப்பணியைச் செய்வது நோயியல் துறை. கட்டிலருகே நிற்கும் மருத்துவரையும் தாதியையும் நாம் அறிவோம். இரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்வோரை நாம் காண்பதில்லை. அவர்கள் கண்டு சொல்லும் முடிவைக் கொண்டே மருத்துவம் நடைபெறுகிறது. ஆயின், எவ்வளவு தேடியும் மூலம் தென்படாவிட்டால் என் செய்வது? நோயாளியின் சொல்லை நம்புவதா, ஐயுறுவதா? இலண்டன் மாநகரின் ராயல் ஃபிரீ மருத்துவமனையோடு தொடர்புடைய இரு நிகழ்ச்சிகளில் இவ்வினா எழுந்தது. கிடைத்த விடைகளோ வெவ்வேறானவை.

அம்மருத்துவமனை 1828ஆம் ஆண்டில் வில்லியம் மார்ஸ்டன் என்னும் அறுவை மருத்துவரால் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மருத்துவமனையில் இடம் பெற நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதமும் காசும் இல்லாத ஏழைகளுக்கு இலவச மருத்துவம் வழங்கவே மார்ஸ்டன் முற்பட்டார். 1877இல் இலண்டன் மருத்துவமனைகளுள் முதலாவதாக இதுவே பெண் மாணவியரை மருத்துவப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. அவ்வழி வந்தவர்களுள் ஒருவர் லூசி வில்ஸ் அம்மையார். 1888இல் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, 1920இல் மருத்துவப் பட்டம் பெற்று, ராயல் ஃபிரீயின் நோயியல் துறையில் பணியாற்றினார்.

1928இல் அவர் பம்பாய்க்குப் புறப்பட்டார். அங்கே நூலாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களைக் கருவுற்ற காலத்தில் ஒரு கொடிய இரத்தசோகை பீடித்து வந்தது. அவர்களின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. பலர் உயிரிழந்தனர். காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

வில்ஸ் அம்மையார் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று விசாரித்தார். காய்கனிகளும் புரதமும் குறைந்த உணவை உண்ட பிரிவினரிடையே இந்நோய் மிகுந்திருந்ததைக் கண்டார். அதே உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சினையுற்ற எலிகள் இரத்தம் குன்றி இறந்தன. ஆனால், பேன்களால் பரவும் பார்டோனெல்லா என்னும் கிருமியும் எலிகளின் இரத்தத்தைக் கெடுத்து ஆய்வைக் குழப்பியது. உணவுக் குறையால் வந்தது எது, தொற்றால் வந்தது எது எனப் பிரித்தறிய வேண்டியதாயிற்று. பின்னர்க் குரங்குகளைக் கொண்டு ஆய்வு தொடர்ந்தது.

இவ்வாய்வின் ஒரு பகுதி தமிழ் மண்ணில் நடந்தது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் உணவாராய்ச்சியை நடத்திவந்த ராபர்ட் மெக்காரிசனின் கூடத்திலும், சென்னையில் பெண்களுக்கென அமைந்த கோஷா மருத்துவமனையிலும் அம்மையார் பணி புரிந்தார்.

ஈரலை உண்ணச் செய்து ஒருவகை இரத்தசோகையைத் தீர்க்கலாம் என்பது 1926இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால், தூய்மை செய்யப்பட்ட ஈரற்சாறு இப்பெண்களுக்குப் பயன் தரவில்லை. ஆகவே, இவர்களுக்குக் குறைவது வேறொரு பொருள் என அவர் உய்த்துணர்ந்தார். விலை மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்தார். வியக்கத்தக்க வகையில் இரத்தம் ஊறியது. தாய்மார் எழுந்து நடமாடினர். 1931இல் இச்செய்தி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்று நம் நாட்டு மளிகைக் கடைகளில் கறுத்த புட்டியில் விற்கப்படும் அதே மார்மைட்தான்! அதனுள் இருந்த மருந்து யாதென அவருக்கே தெரியாது. பெயரறியாத அப்பொருளை உலகம் 'வில்ஸ் காரணி' என்று வழங்கியது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1941இல், அமெரிக்க ஆய்வாளர்கள் டன் கணக்கில் பசலைக் கீரையை வடித்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல் அதனைச் செயற்கையாக உருவாக்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாபிரகட சுப்பாராவ் ஆவார். அக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்திற்கு எதிராகச் செயற்படும் மருந்தொன்றும் உருவாயிற்று. அதனைக் கொண்டு போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியலார் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்குத் தற்காலிக நலம் கிடைத்ததை 1948இல் அறிவித்தார். கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், முன்னர்த் தண்டுவடக் குறையுடைய மகவைப் பெற்ற தாய்மாருக்கு அக்குறை மீண்டும் நேர்வது சுமார் 72 விழுக்காடு குறையும் என 1991இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. ஆலைத் தொழிலாளப் பெண்களின் துயரைப் பொருட்படுத்திய ஒருவரின் பணி எத்துணைத் தொலைவு சென்றது பாருங்கள்!

இலண்டன் திரும்பிய வில்ஸ் அம்மையார் போர்க்காலத்திலும் நோயியல் பணியைத் தொடர்ந்தார். 1944 ஜூலையில் பறக்கும் குண்டொன்று ராயல் ஃபிரீயைத் தாக்கிப் பலரைக் கொன்றது. நோயியல் பணி சில நாள்களே தடைப்பட்டது. போர் முடியும்போது அங்கு இரத்தவியலுக்கெனத் தனித் துறையை அவர் நிறுவியிருந்தார்.

இனி இரண்டாம் நிகழ்ச்சிக்கு வருவோம். 1955 ஜூலை 13ஆம் நாள் அதே மருத்துவமனையின் மருத்துவர் ஒருவரும் தலைமைத் தாதி ஒருவரும் நோயுற்றுப் படுத்தனர். இரு வாரங்களுக்குள் 70 பேருக்கு மேல் வீழ்ந்தனர். ஜூலை 25ஆம் நாள் மருத்துவமனை மூடப்பட்டு, அக்டோபர் 5ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. நவம்பர் முடிய நோயுற்ற ஊழியர் 292 பேர். அவர்களுள் 255 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏற்கெனவே அங்குப் படுத்திருந்த நோயாளிகளுள் பாதிக்கப்பட்டோர் 12 பேர் மட்டுமே. பிணி தீர்ப்போரையே பிணி தேடி வந்தது போலும்.

தலைவலி, தொண்டை வலி, தலைசுற்றல், நிணநீர்க் கட்டிகளின் வீக்கம், கைகால்களின் வலியும் தளர்ச்சியும் என அறிகுறிகள் பலவாயின. ஆய்வுக்கூடம் அயராது தேடியும் எந்தக் கிருமியும் அகப்படவில்லை. இன்றளவும் அது இன்னதென உறுதிப்படவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1970இல் மெக்கெவெடி, பியர்ட் என்னும் உளநோய் மருத்துவர் இருவர் பழைய நோய்க்குறிப்பேடுகளைப் படித்து, இது கூட்டமாய்ப் பரவிய மனக்கோளாறு என்று எழுதினர். நோயுற்றவர்களை அவர்கள் நேரிற் கண்டு ஆராயவில்லை. பாதிக்கப்பட்டோருள் இளம்பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று. தாதியர் பணியில் இளம்பெண்கள் மிகுந்திருப்பது இயல்பன்றோ? அந்நோயாளிகளுக்கு நேரில் மருத்துவம் பார்த்த தொற்றுநோய் மருத்துவர் மெல்வின் ராம்சே, காய்ச்சலும் கட்டி வீக்கமும் நரம்புத் தளர்ச்சியும் மனக்கோளாற்றால் விளைவன அல்ல என்று வாதாடினார். எனினும், மனக்கோளாறு என்னும் முத்திரையே நெடுங்காலம் நிலைத்தது. இத்தகைய நோயாளிகள் பலர் நம்பப்படாமலே துன்புற்றனர். இந்நோய் கடுமையான உடல்நோயே என அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2015இல் அறிக்கையிட்டது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இவர்களுக்கு அளிக்கலாகாது என 2021இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமும் அறிவுறுத்தியது.

இரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டிலும் துன்புற்றோர் பெரும்பாலும் உழைக்கும் பெண்கள். இரண்டிலும் மூலப்பொருள் யாதென அப்போது விளங்கவில்லை. பம்பாயில் ஆய்வாளர் நோயாளியின் துன்பத்தை மெய்யென ஏற்று, அவள் உண்ணும் உணவுவரை தேடிச் சென்றார். காரணத்தின் பெயர் தெரியாத நிலையிலும் உயிர்களைக் காத்தார். இரத்தத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது அவருக்குத் துணையாயிற்று என்பது உண்மையே. தாதியர்க்கு அத்தகைய சான்று வாய்க்கவில்லை. சான்று வாய்க்காமை அவர்கள் குற்றமன்று. நம் கருவி காட்டாததை இல்லை என்று சொல்லிவிடுவது அறிவியலும் அன்று.

நம் முன்னோர் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நாளில், களைத்துப் படுத்த தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசிய கங்காணிகள் உண்டு. கொக்கிப்புழுவும் மலேரியாவும் உணவுக் குறையும் அவன் இரத்தத்தை வற்றச் செய்திருந்தன என்பதை அந்த ஏச்சு அறியாது. இன்று நம் தாய்சேய் நல நிலையங்களில் கருவுற்ற பெண்ணின் கையில் ஃபோலிக் அமில மாத்திரை தரப்படுகிறது. 'எனக்கு முடியவில்லை' என்று சொன்ன ஏழைப் பெண்களின் சொல்லை ஒருவர் நம்பியதனால் வந்த மாத்திரை அது. வகுப்பறையில் மாணவனாயினும், மருத்துவமனையில் தாதியாயினும், அச்சொல்லைச் சொல்வோரை முதலில் நம்புவோம். காரணத்தை அதன்பின் தேடுவோம்.