குப்பை அலைவரிசையில் பிறந்த வைஃபை



"டீச்சர், கம்ப்யூட்டர்ல வைஃபை கோடு முழுசா காட்டுது. ஆனா நெட் விட்டு விட்டு வருது. கம்பெனியை மாத்திடலாமா?" இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் ஏற்கெனவே மூன்று கம்பெனி மாறி, மூன்று முறை முன்பணம் கட்டியிருக்கிறார். நான் சமூக அறிவியல் எடுத்தவள்; ரவுட்டரைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் வைஃபை ஏன் இப்படித் தடுமாறுகிறது என்பதற்கு அதன் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. அது தெரிந்தால் வீண் செலவு குறையும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கும். வீட்டில் ஒரு ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் அப்படி. காற்றில் போகும் அலை அரசாங்கத்தின் சொத்து. ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு சொந்தக்காரர். போலீசுக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று, வானொலிக்கு ஒன்று. உலகம் முழுக்க இதுதான் முறை.

இதில் ஒரு மூலை மட்டும் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. 1945-இல் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியின் பெர்சி ஸ்பென்சர், ரேடார் அலைகளால் உணவைச் சூடாக்கலாம் என்று கண்டார். மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு, இப்படிப்பட்ட சூடாக்கும் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. இரைச்சல் மிகுந்த அந்தப் பகுதியில் யாரும் பேச விரும்பவில்லை. பொறியாளர்களே அதைக் குப்பை அலைவரிசை என்றுதான் சொன்னார்கள். நம் வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில்தான் இருக்கிறது.

1985 மே மாதம் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்தக் குப்பை மேட்டைத் திறந்துவிட்டது. அங்கே பணியாற்றிய மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளரின் விடாமுயற்சி அது. லைசென்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் சக்தி குறைவாக இருக்க வேண்டும், மற்றவர்களால் வரும் இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கவனியுங்கள் பிள்ளைகளே, விஷயமே இதில்தான் இருக்கிறது. வைஃபை புறம்போக்கில் குடியேறியது. பக்கத்து வீட்டு ரவுட்டர் தொந்தரவு செய்கிறது என்று புகார் கொடுக்க நமக்குப் பட்டா கிடையாது.

முதலில் ஆர்வம் காட்டியது கடைகளுக்குப் பில் போடும் இயந்திரம் செய்த என்சிஆர் கம்பெனி. கடையில் மேஜையை நகர்த்தும்போதெல்லாம் கம்பியை இழுக்க வேண்டாமே! அந்தக் கம்பெனியின் நெதர்லாந்து கிளையைச் சேர்ந்த விக் ஹேய்ஸ், பொது விதிமுறை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1990-இல் தொடங்கிய வேலை 1997-இல்தான் முடிந்தது. வைஃபை என்ற பெயர் 1999-இல் வந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது. (நடிகை ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலுடன் சேர்ந்து 1942-இல் பெற்ற காப்புரிமை, நீர்மூழ்கிக் குண்டுகளை வழிநடத்தும் ரகசிய சமிக்ஞைக்கானது. பெரிய சாதனைதான், ஆனால் வைஃபை அல்ல.)

ஒரே இடத்தில் பலர் பேசினால் எப்படிச் சமாளிப்பது? இதற்கு வழி ஹவாய் தீவுகளில் பிறந்தது. 1971-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே ரேடியோ வழியாகக் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். யார் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பதில் வராவிட்டால், மோதிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பேச வேண்டும். எளிய முறைதான். ஆனால் கணக்குப் போட்டால் அதிகபட்சம் 18 சதவீத நேரம்தான் உருப்படியாகப் பயன்படும்! எல்லாரும் ஒரே நேரத்தில் "டீச்சர், டீச்சர்" என்று கத்தும் ஐந்தாம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வைஃபை அதன் வழியில் வந்த பிள்ளை, கொஞ்சம் மரியாதை கற்ற பிள்ளை: முதலில் காது கொடுத்துக் கேட்கும், அமைதியாக இருந்தால்தான் பேசும். அக்கம்பக்கத்தில் இருபது ரவுட்டர் இருந்தால் காத்திருந்தே நேரம் போய்விடும். உங்கள் கம்ப்யூட்டரில் காட்டும் கோடு, ரவுட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். சுற்றியுள்ள சந்தை இரைச்சலைச் சொல்லாது.

அந்த இரைச்சலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் பல வருடமாக ஒரு மர்ம சமிக்ஞை எப்போதாவது வந்துகொண்டிருந்தது. அது வந்த நேரங்களைப் பார்த்தால் பெரும்பாலும் பகல் வேலை நேரம், அதிலும் சாப்பாட்டு வேளை. வானத்துக்கு ஏது மதியச் சாப்பாடு? 2015-இல் எமிலி பெட்ராஃப் என்ற ஆராய்ச்சி மாணவியும் அவர் குழுவினரும் உண்மையைக் கண்டார்கள். அடுப்பு நிற்பதற்கு முன்பே யாரோ அவசரமாக மைக்ரோவேவ் கதவைத் திறந்திருக்கிறார்கள்!

நேரத்தை எழுதி வைப்பதுதான் வழி. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்திக்கு, அழைப்பு பாதியில் அறுந்ததால் "இனி ஆபீசுக்கே வா" என்று நெருக்கடி. ஒரு வாரம் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். தினமும் நான்கு மணிக்கு மேல்தான் தகராறு. அன்றைய வேலையை வெளி ஹார்ட் டிஸ்கில் பதிய அப்போதுதான் அதைச் செருகுகிறாள். யுஎஸ்பி 3 கருவிகளும் ஒயர்களும் அதே 2.4 பகுதியில் இரைச்சல் போடும். வைஃபை வாங்கும் குட்டி டாங்கிள் அதற்கு அடுத்த ஓட்டையிலேயே, இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து இருந்தது. ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிளை மேஜைமேல் கொண்டுவந்தாள். இப்போது அழைப்பு அறுவதில்லை.

கம்பெனியை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேரே லேன் கேபிள் போட்டு ஒரு நாள் பாருங்கள். அப்போதும் நின்றால் கோளாறு பெரும்பாலும் வெளி லைனிலோ ரவுட்டரிலோ இருக்கும். கம்பெனிக்குப் போன் போடுங்கள். கேபிளில் ஒழுங்காக வந்தால் சண்டை காற்றில்.

காற்றில் என்றால், 2018-இல் நம் நாட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியை இன்னும் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். அங்கே கூட்டம் குறைவு. ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். நடுவில் இரண்டு செங்கல் சுவர் இருந்தால் 2.4 தான், ரவுட்டர் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எதில் நெரிசல் குறைவோ அதில் வையுங்கள். இவை மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. ரவுட்டரை டிவி பின்னாலோ பீரோ மேலோ ஒளித்து வைக்காதீர்கள்.

நேரம் குறித்த தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தெந்த நேரத்தில் வீட்டில் என்னென்ன ஓடியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.