கட்டாய மேட் தேடலில் செஸ் மென்பொருள்களின் வேகம்

எதிராளி என்ன ஆடினாலும் அவருடைய ராஜா குறிப்பிட்ட நகர்த்தல்களுக்குள் மடங்கியே தீரும் நிலையைக் கட்டாய மேட் என்பர். அந்த வழியைச் செஸ் மென்பொருள்கள் எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கின்றன என்று ஒப்பிடுவது, கணினிச் செஸ்ஸோடு கூடவே பிறந்த சோதனை. மேட் தேடும் வேகம் வேறு, ஆட்ட வலிமை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இத்தகைய ஒப்பீடுகள் பல தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன.

சென்னையும் மேட் கணக்கும்

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்தது. அங்கு 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் ஆடின. நேரலை பார்த்தவர்களுக்குப் பலகையின் ஓரத்தில் ஏறி இறங்கும் மதிப்பீட்டுப் பட்டை பழக்கமானது. சாதக பாதக எண் மறைந்து, இன்னும் இத்தனை நகர்த்தலில் மேட் என்ற குறி வந்தால், மென்பொருள் கட்டாய வழி ஒன்றைப் பிடித்துவிட்டது என்று பொருள்.

அந்தக் குறி எவ்வளவு கடுமையான நிபந்தனையைச் சுமக்கிறது என்பதற்கு, சென்னையில் நடந்த இன்னொரு ஆட்டமே நல்ல சான்று. 2013 நவம்பர் 21, உலகச் சாம்பியன் போட்டியின் 9ஆவது ஆட்டம். மாக்னஸ் கார்ல்சனின் ராஜாவுக்கு எதிராக விஸ்வநாதன் ஆனந்த் படையைக் குவித்திருந்தார். யானையை எச்4 கட்டத்துக்குக் கொண்டுவந்து, ராணியால் எச்7இல் மேட் வைப்பது திட்டம். கார்ல்சனின் சிப்பாய் பி1இல் ராணியாகிச் செக் வைத்தது. 28ஆவது நகர்த்தலில் ஆனந்த் குதிரையை எஃப்1இல் வைத்து அதைத் தடுக்க, புது ராணி இ1க்கு வந்தது. யானை எச்4க்கு வந்தால் அந்த ராணியே அதை வெட்டிவிடும். ஆனந்த் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். குதிரைக்குப் பதில் மந்திரியால் தடுத்திருந்தாலும் மேட் இல்லை. ராணி டி1 வழியாக எச்5க்கு வந்து தன்னைப் பலி கொடுத்து ராஜாவைக் காப்பாற்றியிருக்கும், ஆட்டமும் ஏறக்குறைய சமநிலைக்கு வந்திருக்கும். தாக்குபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல நகர்த்தல் போதும். ஆனால் தற்காப்பவரின் ஒவ்வொரு பதிலுக்கும் அவரிடம் விடை இருக்க வேண்டும். ஒரு பதில் தப்பினாலும் அது கட்டாய மேட் ஆகாது.

தேடலின் அளவு

ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்று கொண்டால், மூன்று நகர்த்தல் மேட்டுக்கு இரு தரப்பும் சேர்ந்து 5 அடிகள். மொத்தம் சுமார் 5.25 கோடி வழிகள். நான்கு நகர்த்தல் மேட் என்றால் 7 அடிகள்; சுமார் 6,434 கோடி வழிகள். 1951இல் மான்செஸ்டரில் டீட்ரிஷ் பிரின்ஸ் எழுதிய நிரல் முழு ஆட்டம் ஆடாது, இரண்டு நகர்த்தல் மேட் மட்டுமே தேடும். அதற்கே சுமார் 15 நிமிடம் ஆனது. அப்படியிருந்தும் கணினியில் உண்மையாக ஓடிய முதல் செஸ் நிரல் அதுதான்.

இந்தப் பெருக்கத்தைக் குறைக்கும் ஆல்ஃபா-பீட்டா போன்ற முறைகளைக் கற்க விரும்பும் தென்சென்னை மாணவர் தொலைவில் தேட வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் தீபக் கெமானி தேடல் முறைகள் பற்றி நடத்திய பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையக் கல்வித் தளத்தின் வழியே இலவசமாகக் கிடைக்கின்றன.

வலிமையான மென்பொருள் ஏன் தாமதிக்கிறது

ஸ்டாக்ஃபிஷ் போன்ற மென்பொருள்கள் வெல்வதற்காக உருவானவை. மேட்டை நிரூபிப்பது அவற்றின் முதல் வேலை அன்று. பயன் குறைவாகத் தோன்றும் கிளைகளை அவை வெட்டுகின்றன, அல்லது ஆழம் குறைத்துப் பார்க்கின்றன. செக்கும் வெட்டும் முதலில் ஆராயப்படும். அமைதியான நகர்த்தல் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும். ஒரு தரப்பு தன் முறையை விட்டுக்கொடுத்தாலும் நிலைமை நன்றாக இருந்தால், அந்தக் கிளையை மேற்கொண்டு ஆராயாமல் விடும் உத்தியும் உண்டு. நகர்ந்தாக வேண்டிய கட்டாயத்தாலேயே தோற்கும் நிலைகளில் அது ஏமாற்றிவிடும்.

இந்த இடத்தில் 1845இல் லண்டன் இதழ் ஒன்றில் வெளியான ‘இந்தியப் புதிரை’ நினைவுகூர வேண்டும். டெல்லியில் பாதிரியாராக இருந்த ஹென்றி அகஸ்டஸ் லவ்டே ‘ஷாகிர்த்’ என்ற புனைபெயரில் அமைத்த நான்கு நகர்த்தல் மேட் அது. மந்திரி சி1க்குப் பின்வாங்குகிறது. யானை டி2இல் நின்று தன் மந்திரியின் பாதையையே மறைக்கிறது. அதனால் கறுப்பு ராஜாவுக்கு எஃப்4 திறக்க, ஸ்டேல்மேட் தவிர்க்கப்படுகிறது. ராஜா அங்கு வந்ததும் யானை டி4க்குப் போகிறது. இரட்டைச் செக், மேட். பின்வாங்கலும் மறைப்பும்தான் தீர்வு. செக் என்பது கடைசி அடியில் மட்டுமே வருகிறது. காய்கள் குறைவு என்பதால் இன்றைய கைப்பேசி இதைக் கணத்தில் தீர்க்கும். இதே இயல்புள்ள புதிர் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்கு நீண்டால், வலிமையான மென்பொருளும் தயங்கும்.

அங்கேதான் செஸ்ட் போன்ற தனி மேட் நிரல்கள் தம் மதிப்பைக் காட்டுகின்றன. காய்மதிப்பை அவை கணக்கிடுவதில்லை; இத்தனை நகர்த்தலில் மேட் உண்டா இல்லையா என்று மட்டும் ஆராய்கின்றன. எதிராளிக்கு மிகக் குறைந்த பதில்கள் உள்ள கிளையை முதலில் தொடரும் நிரூபண-எண் தேடல் முறையும் இவ்வகைப் பணிக்குப் பொருந்துவது. நரம்பியல் வலையை நம்பும் லீலா செஸ் ஸீரோ எதிர்முனையில் நிற்கிறது. நிலையை உணர்வதில் தேர்ந்த அது, குறுகிய ஒரே வழியைத் துருவிப் பார்ப்பதில் பின்தங்குகிறது. பிளாஸ்கெட் புதிர் எனப்படும் புகழ்பெற்ற இறுதியாட்ட ஆய்வில் லீலாவையும் ஸ்டாக்ஃபிஷையும் சோதித்த ஆய்வாளர்கள், ஸ்டாக்ஃபிஷே மேல் என்று கண்டனர்.

அளக்கும் முறை

கடிகாரத்தை மட்டும் பார்ப்பது போதாது. பல இழைகளில் ஓடும் மென்பொருள் ஒரே நிலையில் ஒவ்வொரு முறையும் வேறு நேரம் காட்டும். ஆராய்ந்த நிலைகளின் எண்ணிக்கையை வரம்பாக வைப்பது நேர்மையானது. ஸ்டாக்ஃபிஷின் மேட் திறனைப் பதிப்புவாரியாகப் பின்தொடரும் மேட்ட்ராக் திட்டம் இதையே செய்கிறது. 6,500க்கு மேற்பட்ட புதிர்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் நிலைகள் என்ற வரம்புக்குள் எத்தனை மேட் கிடைத்தது, அவற்றில் எத்தனை மிகக் குறுகியது என்று அது தனித்தனியே எண்ணுகிறது. இந்தப் பிரிப்பு இன்றியமையாதது. ஒரு மென்பொருள் ஒன்பது நகர்த்தல் மேட்டை ஒரு நொடியில் சொல்லலாம். இன்னொன்று பத்து நொடி எடுத்து ஆறு நகர்த்தல் மேட்டைத் தரலாம். எதை வேகம் என்பது என்று முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

இறுதியாட்டத் தரவுத்தளம் இணைந்திருந்தால் கணக்கே மாறிவிடும். 2012இல் மாஸ்கோவில் உருவான லோமோனோசோவ் தரவுத்தளம், 7 காய்கள் உள்ள நிலைகளில் 549 நகர்த்தல் மேட் வரை துல்லியமாகச் சொல்லும். பரவலாகப் பயன்படும் சிஸிஜி தரவுத்தளத்தில் மேட்டின் தூரம் பதிவாகவில்லை. வெற்றி உறுதியா என்பதும், அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்த்தலுக்கான தூரமுமே உண்டு. அதை இணைத்த மென்பொருள் வெற்றியை அறிந்தும் மேட் எண் சொல்லாமல் இருக்கலாம்.

வேகப் பட்டியல் வெளியிடுவோர் மென்பொருளின் பதிப்பு, இழைகளின் எண்ணிக்கை, நினைவக அளவு, தரவுத்தளம் இணைந்ததா என்ற விவரம், பயன்படுத்திய புதிர்த் தொகுப்பு ஆகியவற்றையும் உடன் தர வேண்டும். இவை இல்லாத பட்டியலை வாசகர் ஏற்க வேண்டியதில்லை.