வானமும் வெண்திரையும்: விமானப் படங்களில் மெய்ம்மையும் நகையும்

1926ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலே, சான் அந்தோனியோ நகரை அடுத்த விமானத்தளத்தில் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. விமானிகள் ஆயத்தமாக இருக்கின்றனர். கமெராக்கள் பூட்டப்பட்டுள்ளன. வெயில் நன்றாக எறிக்கின்றது. ஆயினும் படப்பிடிப்பு நடைபெறவில்லை. காரணம், வானத்தில் முகில் இல்லை.

நெறியாளர் வில்லியம் வெல்மன் முகிலுக்காகக் காத்திருந்தார். பணம் போட்டவர்கள் நாளுக்கு நாள் ஏறும் செலவைக் காட்டி நெருக்கினர், அவர் அசையவில்லை. வெறும் நீல வானத்தில் பறக்கும் விமானம், திரையில் பார்க்கும்போது ஓரிடத்தில் தொங்கும் பூச்சியைப் போலவே தோன்றும். பின்னால் முகில் இருந்தால்தான் அதன் வேகம் கண்ணுக்குப் புலப்படும். இதனை அவர் நூலிற் படித்து அறிந்தவர் அல்லர். முதலாம் உலகப் போரிலே பிரான்சின் பக்கம் நின்று போர் விமானம் ஓட்டியவர் அவர். முகிலிடையே பகைவனைத் தேடிய கண்கள் அவருடையவை.

அவ்வாறு உருவாகிய படமே 'விங்ஸ்', அதாவது 'சிறகுகள்'. 1927இல் வெளிவந்த அப்படம், 1929இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஒஸ்கார் பரிசுகளுள் சிறந்த படத்துக்குரியதைப் பெற்றது. நடிகர்களைத் தரையில் இருத்தி, பின்னால் வானத்தை ஓட்டிக் காட்டும் உபாயத்தை வெல்மன் விரும்பவில்லை. நடிகர்கள் உண்மையாகவே வானில் ஏறினர். அவர்களுக்கு முன்னே கமெரா பூட்டப்பட்டது. அதனைத் தாமே இயக்கி, தாமே நடித்து இறங்கினர். நாயகர்களுள் ஒருவரான சார்ள்ஸ் ரோஜர்ஸ் இப்படத்துக்காகவே விமானம் ஓட்டப் பழகினார். சாகச விமானி டிக் கிரேஸ், திட்டமிட்டு மோதிய விமானம் ஒன்றிலே கழுத்தெலும்பை முறித்துக்கொண்டார்.

இத்துணை மெய்ம்மை நிறைந்த படத்தில் நகைச்சுவை எங்கே இருந்தது? அது தரையிலேயே நின்றுவிட்டது. படையிற் சேர வந்த பேதை ஒருவனின் கோமாளித்தனமும், பாரிஸ் நகர விடுதியிலே மதுமயக்கத்தில் நாயகன் காணும் நீர்க்குமிழிகளும் சிரிப்பூட்டின. விமானம் மேலெழுந்ததும் சிரிப்பு அடங்கிவிடும். எனினும் ஒரு சிறு காட்சி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றது. அக்காலத்தில் பெரிதும் அறியப்படாதிருந்த கரி கூப்பர், அனுபவம் மிக்க விமானியாகத் தோன்றுகின்றார். புதியவர்களோடு இலேசாகப் பேசுகின்றார். சொக்கலேட் ஒன்றைக் கடிக்கின்றார். மிச்சத்தை வைத்துவிட்டுப் பறக்கப் போகின்றார். அவர் திரும்பி வருவதில்லை. கடித்து வைத்த சொக்கலேட் மட்டும் கிடக்கின்றது. போர் விமானியின் வாழ்வு எத்தகையது என்பதனைப் பெரும் மோதற் காட்சிகளினும் அத்துண்டு தெளிவாகச் சொல்லிற்று.

தொல்காப்பியனார் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையை முதலில் வைத்தார். அச்சத்தையும் அவ்வெட்டனுள் ஒன்றாகவே சேர்த்தார். நகையும் அச்சமும் ஒரே உடம்பிற் பிறப்பவை. விமானம் பற்றிய திரைப்படங்களின் வரலாறு, இவ்விரண்டும் ஒன்றையொன்று தேடிக் கண்டடைந்த வரலாறு எனலாம்.

முதலில், மெய்ம்மைக்குக் கொடுத்த விலையைக் காணவேண்டும். பெருஞ்செல்வரான ஹவார்ட் ஹியூஸ் 1927இல் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்னும் படத்தைத் தொடங்கினார். அது முடிந்து திரைக்கு வந்தது 1930இல். முதலில் ஊமைப் படமாக எடுக்கப்பட்டது. பேசும் படங்கள் வந்துவிட்டமையால், பேச்சுக் காட்சிகள் மறுபடியும் எடுக்கப்பட்டன. ஹியூஸும் முகிலுக்காகக் காத்திருந்தவரே. 40 இலட்சம் டொலர்ப் படம் என்று அது விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால் விளம்பரத்தில் வராத கணக்கு ஒன்றும் உண்டு. படப்பிடிப்பின்போது மூன்று விமானிகளும் ஒரு இயந்திரப் பணியாளரும் உயிர் துறந்தனர். ஹியூஸ் தாமே ஒரு விமானத்தை ஓட்டி விழுந்து தலையிற் காயமுற்றார். இன்றும் அப்படத்தின் வான்போர்க் காட்சிகள் வியப்பூட்டுகின்றன. அந்த வியப்பினுள்ளே நால்வரின் மரணம் அடங்கியிருக்கின்றது என்பதை அறிந்தவர்க்கு, வியப்பு வேறொன்றாக மாறிவிடும்.

மெய்போலத் தோன்றுவதெல்லாம் மெய்யாகிவிடுமா என்பது அடுத்த வினா. 1952இல் பிரித்தானிய நெறியாளர் டேவிட் லீன் 'த சவுண்ட் பேரியர்' என்ற படத்தை அளித்தார். ஒலியின் வேகத்தைக் கடக்க முயலும் விமானிகளின் கதை அது. உண்மையான ஜெட் விமானங்கள் அதிலே பறந்தன. ஒலிப்பதிவுக்காக ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. படத்தின் உச்சத்தில், கட்டுப்பாட்டுக் கோலை வழக்கத்துக்கு மாறாகத் தள்ளி விமானி வெற்றி பெறுகின்றான். பார்த்தவர் பலர் இதனை நடந்த செய்தியென்றே நம்பினர். உண்மையில் ஒலியின் வேகத்தை மட்டமான பறப்பில் முதலிற் கடந்தவர் அமெரிக்க விமானி சக் யேகர். நாள் 1947 ஒக்ரோபர் 14. படத்திற் காட்டிய உபாயத்தை மேற்கொள்பவன் உயிர் பிழைக்கமாட்டான் என்று அவர் மறுத்துரைத்தார். புறத்தோற்றம் முழுவதும் மெய். நடுவில் இருந்ததோ கற்பனை. சிரிப்பே இல்லாத படம் என்பதனால் அதனை எவரும் ஐயுறவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவம் 1964இல் நிகழ்ந்தது. ஸ்டான்லி குப்ரிக், அணுப்போர் பற்றிய கதையொன்றைப் படமாக்க முனைந்தார். மூலக்கதையை எழுதிய பீற்றர் ஜோர்ஜ் பிரித்தானிய விமானப்படையிற் பணியாற்றியவர். கதை கடுமையானது. குப்ரிக்கும் முதலில் கடுமையான நாடகமாகவே அதனை எழுதத் தொடங்கினார். எழுத எழுத, மெய்யான விவரங்களே நகைப்புக்கிடமாக வந்து விழுந்தன. அவற்றை நீக்கினால் உண்மை குறையும் என்று கண்ட அவர், கதையையே நகைச்சுவையாக மாற்றினார். அதுவே 'டொக்டர் ஸ்ட்ரேஞ்லவ்'.

அப்படத்தில் வரும் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் உட்புறம் அக்காலத்தில் இராணுவ இரகசியம். காட்சியமைப்பாளர் கென் அடம், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர் விமானம் ஓட்டியவர். வெளிவந்திருந்த படங்களை வைத்துக்கொண்டு அவர் விமானி அறையை அமைத்தார். அதைப் பார்வையிட வந்த அமெரிக்க விமானப்படையினர், அமைப்பு அச்சொட்டாக இருப்பதைக் கண்டு திகைத்தனர். அந்த அறையிலேதான் அமெரிக்காவின் தென்புலப் பேச்சுடைய தளபதி, ஆபத்துக்கால உதவிப் பொதியின் பட்டியலை வாசிக்கின்றார். துப்பாக்கி, மருந்து, ரூபிள் நாணயத்தாள், பொன் என்று தொடங்கும் பட்டியல், உதட்டுச் சாயத்திலும் நைலோன் காலுறையிலும் வந்து நிற்கின்றது. விமானிகள் புறப்படுமுன் பட்டியலை உரக்க வாசித்துச் சரிபார்ப்பது உலகமெங்கும் உள்ள ஒழுங்கு. அந்த ஒழுங்கு இம்மியும் பிசகாமல் காட்டப்பட்டமையாலேயே அங்கே சிரிப்பு எழுகின்றது. உலகத்தை அழிக்கப் போகின்றவர்களும் ஒழுங்கு தவறாமல் போகின்றார்கள் என்ற அச்சம், சிரித்து முடித்த பின்னரே உறைக்கின்றது.

1965ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டிலே இரு படங்கள் வந்தன. ஒன்று, 1910இல் லண்டனிலிருந்து பாரிஸ் வரை நடந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட விமானப் பந்தயத்தைப் பற்றியது. 'தோஸ் மக்னிபிசன்ட் மென்' என்று தொடங்கும் நீண்ட பெயருடைய அந்தப் படத்தைக் கென் அனாக்கின் நெறிப்படுத்தினார். முழுமையும் சிரிப்பு. ஆயினும் அதற்கென அக்காலத்து விமானங்கள் அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டு, வலுக்கூடிய புதிய இயந்திரங்களோடு பறக்கவிடப்பட்டன. விமானத்துறை அறிஞர் அலன் வீலர் அப்பணிக்கு ஆலோசகராக இருந்தார்.

அவற்றுள் ஒன்று பிரேசில் நாட்டவரான சந்தோஸ் துமோன் அமைத்த 'தெமொய்செல்' என்ற மிகச் சிறிய விமானம். பழைய அளவுகளின்படியே கட்டியும் அது சரிவர எழும்பவில்லை. பிறகுதான் காரணம் விளங்கிற்று. துமோன் மெலிந்த சிற்றுருவினர். அவர் பாரத்துக்கே அது அளந்து செய்யப்பட்டது. போர்க்காலத்தில் விமானங்களைத் தளத்துக்குத் தளம் கொண்டு சேர்த்த ஜோன் ஹியூஸ் என்னும் பாரம் குறைந்த பெண் விமானி ஏறியமர்ந்ததும் விமானம் எழுந்தது. நகைச்சுவைப் படம் ஒன்றுக்காக எடுத்த முயற்சி, ஏடுகளில் மறைந்திருந்த உண்மை ஒன்றை வெளிக்கொணர்ந்தது. அப்படத்துக்காகச் செய்த விமானங்களுள் இரண்டு, இங்கிலாந்தின் ஷட்டில்வேர்த் காட்சிச்சாலையில் பின்னரும் பேணப்பட்டுப் பறந்து வந்தன.

மற்றையது 'த ஃபிளைட் ஒஃப் த ஃபீனிக்ஸ்'. நெறியாளர் ரொபேர்ட் ஓல்ட்ரிச். பாலைவனத்தில் விழுந்த விமானத்தின் உடைந்த பகுதிகளிலிருந்து புதிய விமானமொன்றைக் கட்டித் தப்ப முயல்பவர்களின் கதை அது. முதிய விமானியாக நடித்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட், இரண்டாம் உலகப் போரில் உண்மையாகவே குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். புதிய விமானத்தை வரைபவன் ஓர் இளம் ஜெர்மானியன். அனைவரும் அவன் சொற்படி உழைக்கின்றனர். வேலை முடியும் தறுவாயில் ஓர் உண்மை வெளியாகின்றது: அவன் பணிபுரியும் நிறுவனம் ஆட்களை ஏற்றும் விமானங்களைச் செய்வதன்று, சிறிய மாதிரி விமானங்களைச் செய்வது! கேட்டவர்களின் முகத்தில் தோன்றுவது நகையா, திகைப்பா என்று பிரிக்க முடியாது. ஆனால் இளைஞன் தளரவில்லை. மாதிரி விமானத்தில் பிழை திருத்த விமானி இல்லை. ஆகையால் அதன் அமைப்பு இன்னும் திருத்தமாக இருத்தல் வேண்டும் என்கின்றான். அவன் கூற்றில் நியாயம் உண்டு. படத்தின் பெரிய நகைச்சுவையும், படத்தின் பெரிய அறிவியல் உண்மையும் ஒரே வாக்கியத்தில் வந்து சேர்கின்றன.

இந்தப் படத்துக்காக உண்மையாகவே பறக்கும் விமானம் ஒன்று கட்டப்பட்டது. அதை ஓட்டியவர் போல் மான்ட்ஸ். 1949இல் வந்த போர்ப்படம் ஒன்றுக்காக, பெரும் குண்டுவீச்சு விமானத்தைத் தனியாளாய் வயிற்றுப்புறம் தேயத் தரையிறக்கிக் காட்டியவர் அவர். 1965 ஜூலை 8ஆம் நாள், யூமா நகரை அடுத்த மணல்வெளியில் மிகத் தாழப் பறந்தபோது, விமானம் மண்மேடொன்றில் தட்டி முறிந்தது. மான்ட்ஸ் அவ்விடத்திலேயே இறந்தார். படத்தின் இறுதியில் அவருக்கு அஞ்சலி எழுதப்பட்டுள்ளது. திரையிலே மனிதர்கள் தப்பிவிட்டார்கள் என்று மகிழும் வேளையில், தப்பாத ஒருவரின் பெயர் தோன்றுகின்றது.

நகைச்சுவை இதன் பின்னர் வேறு வழியிற் சென்றது. போர்க்காலத்தில் விமானியாயிருந்த ஆர்தர் ஹெய்லி, 1956இல் கனடியத் தொலைக்காட்சிக்கு நாடகம் ஒன்று எழுதினார். உணவு நஞ்சாகி விமானிகள் மயங்க, பயணி ஒருவர் விமானத்தை இறக்கும் கதை அது. விமானிகள் இருவரும் ஒரே உணவை உண்ணலாகாது என்ற ஒழுங்கைப் பல விமான நிறுவனங்கள் கைக்கொண்டமையை நினைத்தால், கதை வெறுங்கற்பனை அன்று என்பது புலனாகும். 1957இல் 'ஸீரோ அவர்' என்ற பெயரில் அது திரைப்படமாயிற்று. ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குப் பின், ஜிம் ஏப்ரகாம்ஸும் டேவிட், ஜெரி ஸுக்கர் சகோதரரும் அப்படத்தின் உரிமையை வாங்கினர். கதையையும் உரையாடல் பலவற்றையும் ஏறக்குறைய மாற்றாமலே வைத்து, 1980இல் 'எயார்பிளேன்' என்ற முழுநீள நகைச்சுவைப் படத்தை எடுத்தனர்.

அவர்கள் சிரிப்பு நடிகர்களைத் தேடவில்லை. கடுமையான வேடங்களுக்குப் பெயர்பெற்ற லெஸ்லி நீல்சன், லொயிட் பிரிட்ஜஸ், ரொபேர்ட் ஸ்டக் முதலியோரை அழைத்து, சிறிதும் சிரிக்காமல் நடிக்கச் செய்தனர். ஸ்டக் என்பவர், 'விங்ஸ்' படத்தை எடுத்த அதே வெல்மன் 1954இல் நெறிப்படுத்திய விமானப் படத்தில் விமானியாக நடித்தவர். பழைய படம் போலச் சுழல்விசிறி விமானமே வேண்டுமென்று மூவரும் விரும்பினர். நிறுவனத்தார் ஜெட் விமானமே வேண்டும் என்றனர். மூவரும் பணிந்தனர். ஆனால் திரையில் ஜெட் விமானம் பறக்க, செவியில் சுழல்விசிறியின் இரைச்சலே கேட்கின்றது! விமானத்தின் ஒலியை அறிந்தவனே இதற்கு முதலிற் சிரிப்பான். மெய் எது என்று தெரியாதவர்க்குப் பொய்யைக் கண்டு நகைக்க இயலாது.

ஆகவே, நகைச்சுவை மெய்ம்மைக்குப் பகையன்று. வெல்மன், அடம், ஹெய்லி என்று வானத்தை நேரே அறிந்தவர்களின் அறிவே இரண்டுக்கும் ஊற்று. ஆனால் இரண்டுக்கும் கொடுத்த விலை ஒன்றன்று. முகிலுக்காகக் காத்திருப்பது பொறுமையின் விலை. அதனைக் கலைஞன் கொடுக்கலாம். ஓர் உயிர் என்பது எந்தக் காட்சிக்கும் ஈடாகாத விலை. 2022இல் வந்த 'டொப் கன்' இரண்டாம் படத்திலும் நடிகர்கள் மெய்யான போர் விமானங்களில் ஏறி, தம்முன் இருந்த கமெராக்களைத் தாமே இயக்கினர். 1927இன் முறை தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை. மாறியது ஒன்றே: விமானத்தை ஓட்டும் பொறுப்பைக் கடற்படை விமானிகள் வைத்துக்கொண்டனர், நடிகர் பின்னிருக்கையில் அமர்ந்தனர்.

அரைவாசி கடித்த சொக்கலேட் துண்டு ஒன்றுக்கு எவருடைய உயிரும் தேவைப்படவில்லை. உதட்டுச் சாயத்தில் வந்து முடியும் பட்டியலுக்கும் தேவைப்படவில்லை. எனினும், பறத்தலைப் பற்றி மனிதன் அஞ்சுவதையும் ஆசைப்படுவதையும், விழுந்து நொறுங்கிய விமானங்கள் காட்டியதினும் கூடுதலாகவே அவை காட்டின.