முதுமை மறதி ஆய்வில் நோயாளர் பங்கேற்பு: நீலகிரியை முன்வைத்து

டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோயைப் பற்றிய ஆய்வுக்கு, அந்நோய் கண்ட முதியோரின் பங்கேற்பே அடிப்படை. நோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதும், மக்களிடையே நடந்த ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அந்நாடுகளில் நடக்கவில்லை. இக்குறையைப் போக்க 1998-இல் கொச்சியில் ‘10/66’ ஆய்வுக் குழு உருவானது. இக்குழுவினர் சென்னையிலும் வேலூரை ஒட்டிய சிற்றூர்களிலும் 65 வயதைக் கடந்தோரை, இடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் பேராக, வீடு தேடிச் சென்று சோதித்தனர். படிப்பறிவைச் சாராத இவர்களது அளவுகோல், மேலைநாட்டு அளவுகோல் காட்டியதைவிடப் பல மடங்கு நோயாளரைக் கண்டறிந்தது. பின்னர், 2017-க்கும் 2020-க்கும் இடையே நாடு தழுவி 60 வயதைக் கடந்த 4,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த லாசி-டாட் ஆய்வு, அவ்வயதினரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணித்தது.

நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் முதல் தடை, நோய் நோயாகவே கருதப்படாமை. ‘வயசானா மறதி வரத்தானே செய்யும்’ என்று விட்டுவிடும் வீட்டில் ஆய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்தது மொழி. படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோர் வீட்டில் பேசும் மொழிகள் வேறுவேறு. தமிழில் கேட்கும் நினைவாற்றல் கேள்விக்குத் தடுமாறும் படகப் பாட்டியை நோயாளி என்று முடிவுகட்டிவிடும் அபாயம் உண்டு. இளமை முழுவதும் கொழுந்து பறித்த, பள்ளி காணாத பெண்ணிடம் பென்சிலைக் கொடுத்துப் படம் வரையச் சொல்வதும் அத்தகையதே. எனவே, அன்றாட வேலைகளில் வந்த மாற்றத்தை உடனிருப்பவரிடமும் விசாரித்து அறியும் முறையே இங்கு நம்பகமானது.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பொருளியல் தடையும் சேர்கிறது. குன்னூர், கோத்தகிரி எஸ்டேட்டுகளின் லைன் வீடுகளிலிருந்து ஒரு முதியவரை உதகைக்கு அழைத்துவர, மகளோ மருமகளோ ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து சாலையே அடைபடும். பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இடமளிக்கின்றன. ஆசை காட்டி இழுக்கும் அளவுக்குப் பணம் தருவது மட்டுமே கூடாது. ஆயினும் ஆய்வாளரே வீட்டுக்குச் செல்வதுதான் சிறந்த வழி. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வரும் பெண் தன்னார்வலரும் கிராம சுகாதாரச் செவிலியரும் அவ்வீடுகளுக்கு முன்பே அறிமுகமானவர்கள். அவர்கள் உடன்சென்றால் கதவு எளிதில் திறக்கும்.

ஒப்புதல் பெறுவதே மிகுந்த கவனம் வேண்டும் கட்டம். நோய் இருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்தவராகிவிட மாட்டார். தொடக்க நிலையினர் பலர் தாமே விளங்கிக்கொண்டு சம்மதிக்க வல்லவர்கள். காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும் இருப்பவரிடம் தெளிவான வேளையில் பேச வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கைநாட்டுக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். திறன் குன்றியவருக்குச் சட்டப்படியான பிரதிநிதி ஒப்புதல் தரலாம். ஆனால் அது நோயாளரின் இசைவுக்கு மாற்றாகாது. ஊசியைக் கண்டு கையை இழுத்துக்கொள்வதும் முகத்தைத் திருப்புவதும் மறுப்புதான். மகன் எவ்வளவு வற்புறுத்தினாலும் சோதனை அங்கே நிற்க வேண்டும். சம்மதிக்க இயலாத, ஆனால் எதிர்ப்புக் காட்டாத மனநோயாளரிடம் மருந்து முதலான தலையீட்டு ஆய்வுகளை நடத்த, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மாநில மனநல ஆணையத்தின் அனுமதியைக் கோருகிறது.

சேர்ந்தவரைத் தக்கவைப்பதும் எளிதன்று. ஓய்வுபெற்றபின் எஸ்டேட் வீட்டைக் காலி செய்து திருப்பூருக்கோ கோவைக்கோ பிள்ளைகளிடம் செல்வோர் உண்டு. உறவினர் இருவரின் தொலைபேசி எண்ணையாவது முதல் சந்திப்பிலேயே கேட்டு வைத்திருந்தால்தான் மறு ஆண்டு அவர்களைக் கண்டறிய முடியும். சோதனையில் தெரியவந்ததைக் குடும்பத்துக்கு விளக்கி, தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது ஆய்வாளரின் கடமை. இரத்தத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவேயில்லை என்ற பேச்சு ஓர் ஊரில் பரவினால், அடுத்து வரும் ஆய்வாளருக்கு அங்கே ஒரு வீடும் கிடைக்காது.