பேகம்பூர்: பெயரில் வாழும் வரலாறு

திருச்சியிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை அய்யலூரையும் வடமதுரையையும் கடந்து திண்டுக்கல்லை அடைகிறது. சமவெளியின் நடுவே தனித்தெழுந்து நிற்கும் பாறைக்குன்றே நகருக்கு அடையாளம். திண்டைப் போன்ற கல் என்பதால் திண்டுக்கல் ஆயிற்று என்பர். மதுரைக்கும் கொங்கு நாட்டிற்கும் இடைப்பட்ட வழிகளைக் கண்காணிக்க ஏற்ற இடமாதலால், இக்குன்றை வசப்படுத்த அரசுகள் தொடர்ந்து போட்டியிட்டன. அந்தப் போட்டியின் வரலாற்றை அறிய விரும்புவோர் இங்கு இரண்டு இடங்களைக் கால்நடையாகவே சென்று காணலாம். ஒன்று குன்றின் மேலுள்ள கோட்டை. மற்றொன்று பேகம்பூர் மஹல்லா.

முதலில் கோட்டைக்கு ஏறுவோம். பாறையில் வெட்டப்பட்ட படிகள் நம்மை மேலே இட்டுச் செல்கின்றன. மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில், 1605ஆம் ஆண்டில், கட்டுமானம் தொடங்கியது. திருமலை நாயக்கர் இதனை வலுப்படுத்தினார். மதில்கள், பீரங்கி மேடைகள், வெடிமருந்துக் கிடங்கு, வீரர்கள் தங்கிய அறைகள், மழைநீர்ச் சுனைகள் ஆகியவற்றை இன்றும் காணலாம். உச்சியில் உள்ள பழைய கோயில், மைசூர் ஆட்சிக்கு முற்பட்ட காலத்தை நினைவூட்டுகிறது.

1755ஆம் ஆண்டில் மைசூர் அரசு, பாளையக்காரர்களை அடக்கும் பொருட்டு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக அனுப்பியது. அவருடைய எழுச்சிக்கு அடித்தளம் இட்டது இவ்வூரே. பிரெஞ்சுத் தொழில்நுட்பர்களின் துணையுடன் இங்கு ஆயுதசாலை அமைத்துத் தம் படையைப் பெருக்கினார். ஆறே ஆண்டுகளில், 1761இல், மைசூரின் ஆட்சி முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1772இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் பெற்றதும் இப்பகுதியில்தான். ஹைதர் அலியின் படையுதவியோடு 1780இல் அவர் தம் சீமையை மீட்டார். அடைக்கலம் கேட்டு வந்தவரின் சமயத்தை நோக்காது துணைநின்ற இச்செய்தி நாம் மறக்கலாகாத ஒன்று.

கோட்டையிலிருந்து இறங்கி நகரின் தெருக்களைக் கடந்தால் பேகம்பூர் வருகிறது. இங்குள்ள பெரிய பள்ளிவாசல் ஹைதர் அலியால் கட்டப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. அவருடைய இளைய சகோதரி அமீருன்னிஸா பேகம் பள்ளிவாசல் வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டுள்ளார். அப்பெண்மணியின் நினைவாகவே இப்பகுதி பேகம்பூர் எனப் பெயர் பெற்றது. பின்னாளில் தோல் பதனிடும் தொழிலும் தோல் வாணிபமும் இப்பகுதி முஸ்லிம்களின் வாழ்வாதாரமாக வளர்ந்தன.

இவ்விரு சின்னங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. கோட்டை பலமுறை கைமாறியது. 1783இல் கும்பினிப் படை அதனைக் கைப்பற்றியது. 1784ஆம் ஆண்டின் மங்களூர் உடன்படிக்கைக்குப்பின் அது மைசூருக்குத் திரும்பியது. 1790இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம் மீண்டும் வீழ்ந்தது. 1792இல் திப்பு சுல்தான் ஒப்பமிட்ட ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை முழுவதும் கும்பினிக்கு உரியதாயிற்று. அத்துடன் மைசூரின் அதிகாரம் இங்கே முடிந்தது. ஆனால் படை நடத்தாத, அரியணை ஏறாத ஒரு பெண்ணின் பெயர் இரு நூற்றாண்டுகளைக் கடந்து மக்கள் நாவில் நிலைத்திருக்கிறது. பாங்கொலி எழும் பள்ளியும், ஃபாத்திஹா ஓதப்படும் அடக்கத்தலமும், அன்றாடம் உச்சரிக்கப்படும் ஊர்ப்பெயரும் சேர்ந்து அந்நினைவைக் காத்தன.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வழிபாடு நடைபெறும் பள்ளிவாசல்களைக் காக்கும் பொறுப்போ பெரிதும் அந்தந்த ஜமாஅத்தைச் சார்ந்தது. தொழுவோர் பெருகும்போது இடத்தை விரிவாக்குவது இன்றியமையாதது. அவ்வாறு விரிவாக்கும்போது பழைய தூண், கல்வெட்டு, மரவேலைப்பாடு ஆகியவை பதிவின்றி மறைந்துவிடுவது தமிழகத்தின் பல ஊர்களில் நேர்ந்துள்ள இழப்பு. காயல்பட்டினம், கீழக்கரை, மதுரை ஆகிய ஊர்களின் பழைய பள்ளிவாசல்களை அளந்து, வரைபடமாக்கி, 2003இல் நூலாக வெளியிட்டவர் மெஹர்தாத் ஷொகூஹி என்ற அறிஞர். அத்தகைய பணியை நம் ஜமாஅத்துகளே மேற்கொள்ளலாம். கல்வெட்டுகளைப் படியெடுத்தல், வக்ஃபு ஆவணங்களைத் தொகுத்தல், பழைய நிழற்படங்களைச் சேகரித்தல், முதியோரின் வாய்மொழிச் செய்திகளை எழுதிவைத்தல் ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. மஹல்லாவின் கல்லூரி மாணவர் சிலர் ஒரு கோடை விடுமுறையில் இதனைத் தொடங்கிவிடலாம்.

ஊர்ப்பெயர் ஒரு நினைவை நமக்கு ஒப்படைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்கும் அடுத்த தலைமுறைக்குச் சான்றுகளுடன் விடை கூறும் கடமை நம்முடையது.