நிற்கிற வேலை

எங்கள் ஆபீஸில் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். நின்றுகொண்டே பேசினால் சீக்கிரம் முடிப்பார்கள் என்பதுதான் அதன் சூட்சுமம். பதினைந்து நிமிஷம் தாண்டினால் ஆளாளுக்கு நாற்காலி தேடுவோம்.

என் சித்தி ஒரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருஷம் சேல்ஸில் இருந்தார். சேலை செக்‌ஷன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வீடு. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு போன வருஷம் ஆபரேஷன் ஆனது. "என்ன வேலை பார்த்தீங்க?" என்று டாக்டர் கேட்டதற்குச் சித்தி சொன்ன பதில்: "நிக்கிற வேலை சார்."

அந்தப் பதில்தான் என்னைத் தேட வைத்தது. கடைவேலை எப்போது நிற்கிற வேலை ஆனது?

நம்மூர்ப் பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். மெத்தை போட்டு, மேலே வெள்ளைத்துணி விரித்து, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றும் அப்படித்தான். கவுன்டர் வைத்த பெரிய கடைகள் வந்த பிறகுதான் சேலை விற்பவர் எழுந்து நின்றார்.

மளிகைக்கடைப் பையன் அப்போதும் நின்றான்தான். ஆனால் அவன் கதை வேறு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, பொட்டலம் மடித்து, தராசு பிடித்து, சரக்கு எங்கே மலிவு என்று கற்றுக்கொண்டு, ஒருநாள் தனிக்கடை போட்டவர்கள் நிறையப் பேர். "அவன் கல்லாவுல உக்காந்துட்டான்" என்றால் முதலாளி ஆகிவிட்டான் என்று அர்த்தம். நம் பேச்சிலேயே நிற்பவன் தொழிலாளி, உட்காருபவன் முதலாளி. எல்லாருக்கும் கல்லா கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நின்றார்கள்.

இதே கதை இங்கிலாந்தில் நமக்கு நூறு வருஷம் முன்பே நடந்துவிட்டது. அங்கும் துணிக்கடையில் தொழில் பழகப் போகும் பையன் பின்னாளில் கடை வைப்பான் என்பது எதிர்பார்ப்பு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடைகள் மாளிகைகளாக வளர்ந்தன. நூற்றுக்கணக்கானவர் வேலை செய்யும் கடையில் எத்தனை பேர் முதலாளி ஆக முடியும்? மேலே ஏறும் படி உடைந்தது. பழைய வழக்கங்கள் மட்டும் அப்படியே நின்றன. கடைக்கு மேலேயே படுக்கை, கடைச் சாப்பாடு, தொட்டதற்கெல்லாம் அபராதம். ரங்கநாதன் தெருவை வைத்து 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1886-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கடையில் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சலுகையே 74 மணி நேரம் என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்!

அடுத்து 1899-இல் உட்காருவதற்கென்றே தனிச் சட்டம். ஒவ்வொரு அறையிலும் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும். ஆண்களுக்கு அதில் இடமில்லை.

அந்தக் காலத்தில் கடையில் நின்ற ஒருவர் மார்கரெட் பான்ட்ஃபீல்ட். 14 வயதில் துணிக்கடையில் சேர்ந்தவர். பிறகு கடை ஊழியர் சங்கத்தில் இணைந்து, கடைகளின் நிலைமையைக் கண்டறிய வேலைக்குச் சேர்வதுபோல் போய்த் தகவல் திரட்டினார். 1929-இல் தொழிலாளர் அமைச்சர் ஆனார். பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

நம் பக்கம் வருவோம். 1947-இல் சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று நேரத்தை வரையறுத்தது. நாற்காலியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அந்தப் பேச்சைக் கிளப்பியது கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவர் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று போராட்டம், பிறகு உட்காரும் உரிமை. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 74 வருஷத்துப் பழைய கோடுக்கு ஒரு பேட்ச் என்று எங்கள் பாஷையில் சொல்லலாம்.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் சட்டம் ஒரு விதத்தில் மேல். ஆண், பெண் என்று பிரிக்காமல் எல்லா ஊழியருக்கும் இருக்கை என்கிறது. ஆனால் வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்காக என்கிறது. வாய்ப்புக் கிடைத்ததா இல்லையா என்று யார் முடிவு செய்வது? எந்த புரோகிராமரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

பதில் சித்தியிடம் இருந்தது.

"சட்டம் வந்த பிறகு உங்க கடையில ஸ்டூல் போட்டாங்களா சித்தி?"

"போட்டாங்கடா. ரெண்டு. அதுமேல மடிக்க வேண்டிய சேலைய அடுக்கி வச்சோம்."

"ஏன், உக்கார வேண்டியதுதானே?"

"உக்காந்தா வேலையே இல்லாத மாதிரி தெரியும்ல? மேல கேமரா வேற. நீயே கடைக்கு வர்றே, நான் உக்காந்துக்கிட்டே 'என்ன வேணும்'னு கேட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நின்றால்தான் மரியாதை, நின்றால்தான் வேலை என்று நினைப்பது முதலாளி மட்டுமல்ல. ஏசி கடையில் குஷன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஐம்பது சேலையைப் பிரிக்கச் சொல்லும் நாமும்தான்.

இன்னொன்றும் சொன்னார். தொட்டுப் பார்த்தே எது அசல் பட்டு, எது கலப்பு என்று சொல்லிவிடுவார் சித்தி. வேலையை விடும்போது அவர் சம்பளத்துக்கும் புதுசாய் வந்த பெண்ணின் சம்பளத்துக்கும் இரண்டாயிரம் ரூபாய்தான் வித்தியாசம். பன்னிரண்டு வருஷ அனுபவத்துக்குப் பெரிய கடை வைத்த விலை அது. நாற்காலியைச் சட்டத்தால் போட வைக்கலாம். உடைந்த படியை எந்தச் சட்டப் பிரிவு கட்டித் தரும் என்று தெரியவில்லை.

சித்தி இப்போது வீட்டு முன்னறையில் ஜாக்கெட் பிட்டும் நைட்டியும் விற்கிறார். போன வாரம் போயிருந்தேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். இருவரும் பாயில் உட்கார்ந்து அரைமணி நேரம் துணி பார்த்தார்கள். கடைசியில் அவள் ஒரே ஒரு பிட்தான் வாங்கினாள். சித்தி எழுந்திருக்கவே இல்லை.